வாண்டுகளின் மாமா

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே தியாகதுருகம் என்னும் ஊர் உள்ளது. ஊரின் பெயரிலேயே கோட்டை அமைந்திருக்கிறது. துருகம் என்பது கடத்தற்கரிய மலையரணைக் குறிக்கும் சொல். ஊரை அடுத்து நிமிர்ந்து நிற்கும் பாறைக் குன்றின்மீது பழைய அரணின் சிதைவுகளை இன்றும் காணலாம். 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தமிழகத்தின் ஆட்சியுரிமைக்காகப் போரிட்டபோது, இக்கோட்டையும் அப்போரில் சிக்கிற்று. 1760-இல் மைசூர் ஐதர் அலியின் படை இங்கே தங்கியது. பின்னர்க் கோட்டை ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. வரலாறு கூறும் செய்தி இவ்வளவே.

ஆனால் ஊர்ச் சிறுவர் கூறும் செய்திகள் இதனினும் மிகப் பல. குன்றின் அடியிலிருந்து நெடுந்தொலைவு செல்லும் சுரங்கவழி ஒன்று உண்டு என்பான் ஒருவன். அதன் வாயிலைப் பெரிய பாம்பு காக்கின்றது என்பான் மற்றொருவன். நள்ளிரவில் குதிரைக் குளம்பொலி கேட்கும் என்பான் மூன்றாமவன். இவர்களுள் எவனும் சுரங்கத்தைக் கண்டவன் அல்லன். நள்ளிரவில் விழித்திருந்தவனும் அல்லன். ஆயினும் அந்தக் குன்றைப் பார்க்கும்போது அவர்கள் கண்களில் தோன்றும் ஒளி பொய்யானதன்று. கல்லும் முள்ளும் மண்டிய குன்று அவர்களுக்கு மட்டும் ஓர் உலகத்தின் வாயிலாகத் தோன்றுகின்றது.

பல்லாண்டுகளுக்கு முன் அவ்வூரில் தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். அவர் மரபுவழியில் இலக்கணமும் இலக்கியமும் பயின்றவர். நன்னூற் சூத்திரங்களை உறக்கத்திலும் ஒப்பிக்க வல்லவர். மாணவர்மீது அன்பு மிக்கவரேனும், கதை நூல்களின்மீது அவருக்குப் பெருவெறுப்பு இருந்தது. மந்திரவாதியும் பறக்கும் கம்பளமும் பேசும் கிளியும் வரும் கதைகள் பிள்ளைகளின் அறிவைக் கெடுக்கும் என்பது அவரது துணிபு. “பொய்யைப் படித்தவன் மெய்யை வெறுப்பான்” என்று அவர் அடிக்கடி கூறுவார்.

ஒருநாள் அவர் சீவக சிந்தாமணியின் கதையை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த சிறுவன் ஒருவன் தலை நிமிராமல் இருந்தான். ஆசிரியர் அருகே சென்று பார்த்தபோது, பாடநூலுக்குள் வேறொரு நூல் விரிந்திருந்தது. கிளை நூலகத்தின் முத்திரை பதிந்த அந்நூலின் மேலட்டையில் ஒரு கோட்டையும், தாடி நீண்ட மந்திரவாதி ஒருவனும் தீட்டப்பட்டிருந்தனர். ஆசிரியர் நூலைப் பறித்துக்கொண்டு சிறுவனை வாயிலருகே நிற்கச் செய்தார். நூலகப் பொறுப்பாளரிடம் சொல்லி, பள்ளிச் சிறுவர்க்கு இத்தகைய நூல்களைக் கொடாதவாறு செய்வதாகவும் கூறினார்.

பாடம் தொடர்ந்தது. பகைவன் கோட்டையை வளைத்துக்கொண்ட வேளையில், கருவுற்றிருந்த அரசி விசயையைச் சச்சந்தன் மயிற்பொறியில் ஏற்றி வானில் அனுப்பியதையும், அப்பொறி சுடுகாட்டில் இறங்கியதையும், அங்கே சீவகன் பிறந்ததையும் ஆசிரியர் உருக்கமாக எடுத்துரைத்தார். வகுப்பே அமைதியில் ஆழ்ந்தது. அப்போது வாயிலருகே நின்ற சிறுவன் மெல்லக் கேட்டான்: “ஐயா, மயிற்பொறி மெய்யாகவே பறந்ததா?”

“அது காப்பியக் கற்பனை” என்றார் ஆசிரியர்.

“அந்த நூலில் இருப்பதும் கற்பனைதானே, ஐயா? இதைப் படிக்காவிட்டால் அடி. அதைப் படித்தால் அடி. இது எப்படி ஐயா?”

சிறுவனின் குரலில் செருக்கு இல்லை; மெய்யாகவே அறிய விரும்பும் கலக்கமே இருந்தது. ஆசிரியர் அவனை அதட்டி அமர்த்தினார். எனினும் விடை கூறவில்லை. கூறுவதற்கு விடை அவரிடம் இல்லை.

அன்றிரவு உணவுக்குப் பின் அவர் விளக்கடியில் அமர்ந்து, பறித்து வந்த நூலைக் குற்றம் காணும் நோக்குடனே திறந்தார். எழுதியவர் பெயர் ‘வாண்டுமாமா’ என்றிருந்தது. பெயரைக் கண்டதும் அவர் முகம் சுளித்தது. பெரியோர் நூல்களுக்கு முன்னே ‘வாண்டு’ என்னும் சொல் நிற்கலாமா என்று எண்ணினார். ஆனால் ஒரு பக்கம் படித்தவர் மறு பக்கத்தைப் புரட்டினார். அதை முடித்து அடுத்ததைப் புரட்டினார். சொற்றொடர்கள் சிறியனவாகவும் தெளிவாகவும் இருந்தன. எழுவாயைத் தேடிப் பயனிலை அலையவில்லை. பத்து வயதுப் பிள்ளை அகராதியின் துணையின்றிப் படிக்கத்தக்க தமிழில், முதியவரையும் நிறுத்தாமல் இழுத்துச் செல்லும் விரைவு இருந்தது. நூலை அவர் மூடியபோது நள்ளிரவு கடந்திருந்தது. அச்சத்தை வென்று இருளுக்குள் நுழைந்த ஒரு சிறுவனைப் பற்றிய கதை அது. அதில் பொய் இருந்தது. ஆனால் பொய்மை இல்லை.

வாண்டுமாமா என்னும் பெயருக்குரியவரின் இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி. இவர் 1925-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 21-ஆம் நாள், புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள அரிமழம் என்னும் ஊரில் பிறந்தார். அந்நாளில் புதுக்கோட்டை தொண்டைமான் மன்னரின் ஆட்சிக்குட்பட்ட தனி அரசாக விளங்கிற்று. அரிமழத்தை அடுத்த திருமயத்திலும் பாறைமேல் எழுந்த பழங்கோட்டை ஒன்று உண்டு. குழந்தைக் கவிஞர் எனத் தமிழகம் போற்றிய அழ. வள்ளியப்பா பிறந்த இராயவரமும் அதே வட்டாரத்தைச் சேர்ந்ததே. அவர் 1922-இல் பிறந்தவர். தமிழ்ச் சிறுவர்க்குப் பாட்டுத் தந்தவரும் கதை தந்தவரும் மூன்றாண்டு இடைவெளியில், ஒரே மண்ணில் தோன்றினர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அக்காலத்தில் எழுத்தார்வம் கொண்ட இளைஞர் பலர் கையெழுத்து இதழ்கள் நடத்தி வந்தனர். தாமே எழுதி, தாமே படம் வரைந்து, ஒரே படியைப் பலர் கைக்கும் மாற்றி மாற்றித் தந்து படிக்கச் செய்வர். கிருஷ்ணமூர்த்தியும் அத்தகைய ஆர்வத்திலே வளர்ந்தவர். எழுத்தைப் போலவே ஓவியத்திலும் அவருக்கு நாட்டம் இருந்தது. ஆனந்த விகடனில் தம் கோட்டோவியங்களால் புகழ்பெற்ற மாலி அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தார். ‘வாண்டுமாமா’ என்னும் புனைபெயரை அவருக்குச் சூட்டியவரும் மாலியே. பெரியவர்களுக்கு எழுதும்போது அவர் ‘கௌசிகன்’ என்னும் பெயரை மேற்கொண்டார். ‘பாமினிப் பாவை’ என்னும் வரலாற்றுப் புதினம் அப்பெயரில் வெளிவந்ததாகும். கௌசிகனை அறிந்தவர் சிலர். வாண்டுமாமாவை அறியாத சிறுவர் அக்காலத்தில் அரியர்.

அப்பெயரின் பொருத்தத்தைச் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும். வாண்டு என்பது குறும்பு மிக்க சிறு பிள்ளையைக் குறிக்கும் வழக்குச் சொல். மாமன் என்பவன் தாயுடன் பிறந்தவன். தமிழ்க் குடும்பத்தில் தந்தை கண்டிப்பவர், ஆசிரியர் திருத்துபவர், மாமனோ தோளில் ஏற்றித் திருவிழாவுக்கு அழைத்துச் செல்பவன். காது குத்தும்போது மடியில் வைத்து அழுகையை ஆற்றுபவனும் அவனே. வானத்து நிலவையும் நம் குழந்தைகள் ‘அம்புலிமாமா’ என்றே அழைக்கின்றனர். எட்டாத பொருளையும் உறவாக்கிக் கொள்ளும் உரிமை அந்தச் சொல்லில் உள்ளது. சிறுவர் உலகுக்கு எழுத வந்தவர்களுள் ‘அண்ணா’ என்றும் ‘மாமா’ என்றும் பெயர் கொண்டோர் பலர் இருந்ததன் காரணம் இதுவே. அறிவுரை கூறும் உயர்பீடத்தை விட்டு இறங்கி, பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தால்தான் அவர்கள் செவி கொடுப்பர்.

கிருஷ்ணமூர்த்தி எழுதத் தொடங்கிய காலம் தமிழ்ச் சிறுவர் இதழ்களுக்கு வசந்த காலமாகும். 1947-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து ‘அம்புலிமாமா’ இதழைத் தொடங்கினர். வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தனை அதில் நெடுங்காலம் தீட்டியவர் ஓவியர் சங்கர். 1950-இல் ஆர்வியை ஆசிரியராகக் கொண்டு ‘கண்ணன்’ தோன்றிற்று. அதே ஆண்டில் வள்ளியப்பா முதலியோரின் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் நிறுவப்பட்டது. இதழ்கள் பல தோன்றின, சில நிலைத்தன, பல சில ஆண்டுகளிலேயே மறைந்தன. ஆயினும் திங்கள்தோறும் தபாற்காரரின் வரவை நோக்கித் திண்ணையில் காத்திருக்கும் பழக்கம் தமிழ்ச் சிறுவரிடையே வளர்ந்தது.

பல இதழ்களில் பணியாற்றிய பின்னர் வாண்டுமாமா கல்கி நிறுவனத்தை அடைந்தார். 1941-இல் தொடங்கப்பெற்ற ‘கல்கி’ வார இதழ் பெரியவர்களுக்கு உரியது. எனினும் சிறுவர்க்கென்று அதில் ஒதுக்கப்பட்ட பக்கங்களை, பெரியவர்களும் முதலில் புரட்டிப் பார்க்கும் பக்கங்களாக அவர் மாற்றினார். ‘ஓநாய்க்கோட்டை’, ‘சிலையைத் தேடி’, ‘கனவா நிஜமா’ முதலிய சித்திரக்கதைகளும், ‘பலே பாலு’ போன்ற குறும்புக் கதைகளும் அவர் பெயரைத் தமிழகமெங்கும் பரப்பின.

சித்திரக்கதை எழுதுதல் எளிய செயல் என்று சிலர் கருதுவர். அஃது உண்மையன்று. முதலில் கதையைச் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்தல் வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் யார் எங்கே நிற்கிறார், அவர் முகத்தில் யாது தோன்றுகிறது என்பதை ஓவியர்க்கு விளங்க வைத்தல் வேண்டும். பேச்சோ ஒரு சிறு வட்டத்துக்குள் அடங்கவேண்டும். ஒரு சொல் மிகுந்தாலும் படம் மறைந்துவிடும். ஒரு சொல் குறைந்தாலும் பொருள் மறைந்துவிடும். அன்றியும், வாரந்தோறும் வரும் பகுதியின் இறுதியில் படிப்பவன் மூச்சை அடக்கி நிற்குமாறு கதையை நிறுத்துதல் வேண்டும். இருட்குகையில் நுழைந்த சிறுவன் யாரைக் கண்டான் என்பதை அறிய ஏழு நாள் காத்திருக்கவேண்டும். அந்த ஏழு நாளும் கதையை எழுதுபவர்கள் படிக்கும் சிறுவர்களே. ஒவ்வொருவனும் தன் மனத்தில் ஒரு முடிவைப் படைத்துப் பார்க்கிறான். கற்பனைக் கதை செய்யும் முதல் நன்மை இதுவாகும்: படிப்பவனையும் அது படைப்பவன் ஆக்குகின்றது.

1972-இல் கல்கி நிறுவனத்தார் சிறுவர்க்கெனக் ‘கோகுலம்’ என்னும் தனி இதழைத் தொடங்கினர். அதனை உருவாக்கி வளர்த்ததில் வாண்டுமாமாவுக்குப் பெரும்பங்கு உண்டு. பின்னர் 1984-இல் வெளிவரத் தொடங்கிய ‘பூந்தளிர்’ இதழின் ஆசிரியராக விளங்கினார். சுப்பாண்டி, வேட்டைக்கார வேம்பு, காக்கை காளி ஆகியோர் அவ்விதழின் வழியே தமிழ் பேசினர். மும்பையிலிருந்து வந்த ‘டிங்கிள்’ இதழில் ஆங்கிலம் பேசிய பாத்திரங்கள் அவர்கள். தமிழில் படித்த பிள்ளைகளுக்கோ அவர்கள் பக்கத்துத் தெருவில் பிறந்தவர்களாகவே தோன்றினர். வேற்றுமொழிப் பொருளைத் தமிழாக்குவோர் கருதவேண்டிய இலக்கு இதுவே.

மாயக்கதை மட்டுமே எழுதினார் என்று அவரை எண்ணிவிடலாகாது. நாம் நாள்தோறும் கையாளும் பொருள்கள் எவ்வாறு தோன்றின என்பதைக் கூறும் ‘தோன்றியது எப்படி’ என்னும் நூல் வரிசையும் அவருடையதே. உடல், மருத்துவம், பறவை, விலங்கு என அறிவுத்துறைகள் பலவற்றைச் சிறுவர்க்கு ஏற்ப அவர் எழுதினார். அவர் இயற்றிய நூல்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. மந்திரக்கோலை ஒரு கையிலும் உருப்பெருக்கியை மற்றொரு கையிலும் ஏந்தியவர் அவர் எனலாம். கற்பனை அறிவுக்குப் பகை என்போர்க்கு அவருடைய நூல்வரிசையே தக்க விடையாகும். வியப்பே இரண்டுக்கும் தாய். மந்திரக் கதவு எப்படித் திறந்தது என்று வியந்தவனே, மின்விளக்கு எப்படி எரிகிறது என்றும் வினவுவான்.

தியாகதுருகத்து ஆசிரியர் விடை தேடிய வினாவும் இதனோடு தொடர்புடையதே. நம் முன்னோர் கற்பனைக்கு அஞ்சியவர் அல்லர். மணிமேகலையை ஒரு தெய்வம் தூக்கிச் சென்று மணிபல்லவத்தில் விடுகின்றது. அள்ளக் குறையாத அமுதசுரபி அவள் கையில் வந்து சேர்கிறது. யானைத்தீ என்னும் தீராப் பசியால் காயசண்டிகை வருந்துகிறாள். அப்பசி அவ்வமுதசுரபியின் சோற்றால் தணிகின்றது. சாத்தனார் இவற்றை மெய்யென்று நாட்ட எழுதினாரா? பசிக்கொடுமை எத்தகையது, பசி தீர்க்கும் கை எத்துணைப் பெரியது என்பதை நெஞ்சில் பதிக்க எழுதினார். அமுதசுரபி என்னும் கலம் உலகில் இல்லை. ஆனால் பசித்தவர்க்கு உணவிடவேண்டும் என்னும் அறம் உண்டு. கலம் கற்பனை, அறம் மெய். கற்பனை என்னும் கலத்தில் வைத்தே அறம் பிள்ளைகளுக்குப் பரிமாறப்படுகின்றது. விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராசன் கதையும் பாட்டிமாரின் வாய்வழியே நம் வீடுகளில் வாழ்ந்ததும் இவ்வாறே.

மேலைநாட்டிலும் இவ்வினா எழுந்ததுண்டு. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலத்துக்குப் பேராசிரியராக இருந்தவர் டோல்கீன். அவர் சொல்லாராய்ச்சியிலும் மொழி வரலாற்றிலும் தேர்ந்தவர். நம் நாட்டில் பிறந்திருந்தால் பெரும்புலவர் எனப் பெயர் பெற்றிருப்பார். 1930-ஆம் ஆண்டை ஒட்டி ஒருநாள் அவர் தேர்வுத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு மாணவன் ஒரு பக்கத்தை எழுதாமலே விட்டிருந்தான். அந்த வெற்றுத்தாளில், வளைக்குள் வாழும் குள்ளன் ஒருவனைப் பற்றி ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரி வளர்ந்து 1937-இல் ‘ஹாபிட்’ என்னும் நூலாக வெளிவந்தது. நூலை வெளியிடலாமா என்று பதிப்பாளர் தம் பத்து வயது மகனிடம் கருத்துக் கேட்டார். அவன் ஒரு ஷில்லிங் கூலி பெற்றுக்கொண்டு, வெளியிடலாம் என எழுதித் தந்தான். உலகப்புகழ் பெற்ற ஒரு நூலுக்குத் தீர்ப்பு வழங்கிய நடுவர் ஒரு சிறுவனே.

அறுபது ஆண்டுகள் கழித்து அந்நாட்டிலேயே அந்நிகழ்ச்சி மீண்டும் நடந்தது. ஜே. கே. ரௌலிங் என்னும் பெண்மணி எழுதிய முதற்கதையைப் பதிப்பகங்கள் பல மறுத்துவிட்டன. பின்னர் ஒரு பதிப்பகத்தின் தலைவர் அதன் முதல் அத்தியாயத்தைத் தம் எட்டு வயது மகளிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டு மிச்சக் கதையைக் கொண்டுவருமாறு கேட்டாள். 1997-இல் வெளிவந்த அந்நூலே ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல். கற்றறிந்த பெரியோர் பலர் கண்ணுக்குப் புலப்படாதது, குழந்தையின் கண்ணுக்குப் புலப்பட்டது. சிறுவர்க்கு எழுதுவோரின் உண்மையான நீதிமன்றம் சிறுவரே. அங்கே பரிந்துரை செல்லாது, பட்டம் செல்லாது. கதை சுவைக்கவில்லையானால் பிள்ளை நூலை மூடிவிட்டு விளையாடப் போய்விடும்.

அந்த நீதிமன்றத்தில் வாண்டுமாமா வெற்றி பெற்றார். பெரியோரின் மன்றத்தில் அவருக்குக் கிடைத்த சிறப்பு அவ்வெற்றிக்கு ஈடானதன்று. சிறுவர்க்கு எழுதுவது சிறிய எழுத்து என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலம் நிலவிற்று. இலக்கிய வரலாற்று நூல்களில் சிறுவர் எழுத்துக்கு இறுதியில் ஒரு பக்கம் ஒதுக்கினால் அதுவே பெரிது. சாகித்திய அகாதெமி சிறுவர் இலக்கியத்துக்கெனத் தனி விருதை ஏற்படுத்தியது 2010-ஆம் ஆண்டிலேதான். அப்போது வாண்டுமாமாவுக்கு வயது 85. எழுத்தையே தொழிலாகக் கொண்டு, அதிலும் சிறுவர் எழுத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்தவர்க்கு வறுமை அயலானாக இருந்திருக்க முடியாது. முதுமையில் நோயின் துன்பமும் சேர்ந்தது. தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் இட்ட பெயர் ‘எதிர்நீச்சல்’ என்பதாகும். பிள்ளைகளைப் பறக்கும் கம்பளத்தில் ஏற்றி அனுப்பியவர், தாம் மட்டும் வெள்ளத்தை எதிர்த்து நீந்திக்கொண்டிருந்தார் என்பதை அப்பெயரே உணர்த்துகின்றது. ஆயினும் அவர் கதைகளில் கசப்பு இல்லை. தம் துன்பத்தைச் சிறுவர்மேல் இறக்கி வைக்காத பெருமை அவருக்கு உண்டு.

மறுநாள் தியாகதுருகத்து ஆசிரியர் வழக்கத்தினும் முன்னதாகப் பள்ளிக்கு வந்தார். அந்தச் சிறுவனை அழைத்தார். அவன் அஞ்சி நின்றான். ஆசிரியர் நூலை அவன் கையில் கொடுத்தார்.

“நேற்று நீ கேட்ட வினாவுக்கு இன்று விடை சொல்கிறேன், தம்பி. மயிற்பொறியும் கற்பனை, இதுவும் கற்பனை. இரண்டையும் படி. ஆனால் பாடவேளையில் பாடத்தைப் படி. மற்ற வேளையில் இதைப் படி. அவ்வளவுதான்” என்றார். பின்பு சிறிது தயங்கி, “இதன் அடுத்த நூல் நூலகத்தில் இருக்கிறதா?” என்றும் கேட்டார். சிறுவன் முதலில் திகைத்தான்; பின்னர்ச் சிரித்தான்.

அன்று மாலை ஆசிரியர் நூலகத்துக்குச் சென்றார். இத்தகைய நூல்களைக் கொடுக்க வேண்டா என்று சொல்ல எண்ணியிருந்தவர், இன்னும் சில நூல்களை வரவழைத்துத் தருமாறு வேண்டினார். தாம் தவறியதை உணர்ந்தும் அதை மாணவன் முன்னிலையிலேயே ஒப்புக்கொள்வது எளிதன்று. இலக்கணம் கற்றவர்க்கு அது மேலும் அரிது. ஆனால் வழுவைத் திருத்துவதே இலக்கணத்தின் பயன். அத்திருத்தத்தை அவர் தம்மிடமிருந்தே தொடங்கினார்.

ஆண்டுகள் பல உருண்டன. ஆசிரியர் ஓய்வு பெற்றார். 2014-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஒருநாள், அதே நூலகத்தின் மரப்பலகையில் அமர்ந்து அவர் நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்தார். எழுத்தாளர் வாண்டுமாமா அத்திங்கள் 12-ஆம் நாள் தம் 89-ஆம் வயதில் மறைந்தார் என்னும் செய்தி கண்ணில் பட்டது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஒருமுறையும் நேரிற் காணாத அம்மனிதர், தம் வீட்டுத் திண்ணைக்கு நாள்தோறும் வந்துபோன உறவினர் போன்றே அவருக்குத் தோன்றினார்.

அவரிடம் வினாக் கேட்ட சிறுவன் அப்போது கல்வராயன் மலைமேல் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியனாக இருந்தான். மலையாளி மக்களின் பிள்ளைகள் பயிலும் சிறிய பள்ளி அது. மழைக்காலத்தில் பாதை வழுக்கும், பேருந்தும் வாராது. அந்நாட்களில் அவன் நடந்தே செல்வான். அவன் தோளில் தொங்கும் துணிப்பையில் சுண்ணக்கட்டிகளோடு நாலைந்து கதை நூல்களும் இருக்கும். விடுமுறைக்கு ஊர் வந்தால் பழைய ஆசிரியரைக் கண்டு வணங்குவது அவன் வழக்கம். அவ்வாறு வந்த ஒருநாள் அவன் சொன்னான்: “ஐயா, நேற்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது, இந்தக் குகை நம் மலையில்தானே இருக்கிறது என்று. அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவே அழும். இப்போது கதையின் மிச்சத்தைக் கேட்க எனக்கு முன்னே வந்து வாயிலில் நிற்கிறது.”

ஆசிரியர் மறுமொழி கூறவில்லை. சாளரத்தின் வழியே குன்றை நோக்கினார். மாலை வெயிலில் கோட்டையின் சிதைந்த சுவர் சிவந்து தோன்றிற்று. அவர் அவ்வூரில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் குன்றை நாள்தோறும் பார்த்தவர். எனினும் அதன் அடியில் சுரங்கம் உண்டோ என்னும் ஐயம் அன்றுதான் அவர்க்கு முதன்முறையாகத் தோன்றிற்று.

கோட்டைகளைக் கட்டிய மன்னர் மறைந்தனர். அவற்றைக் கைப்பற்றிய படைத்தலைவர்களின் பெயர்களையும் ஊரார் மறந்தனர். மதில்களோ ஆண்டுதோறும் ஒரு கல்லாய்ச் சரிகின்றன. தாளின்மேல் மையினால் கட்டப்பட்ட கோட்டைகளுக்கு அவ்வழிவு இல்லை. ஒரு சிறுவன் நூலைத் திறக்குந்தோறும் அவை புதிதாய் எழுகின்றன. அத்தகைய கோட்டைகளை நூற்றுக்கணக்கில் எழுப்பி, அவற்றின் வாயிலைப் பிள்ளைகளுக்கு மட்டும் திறந்து வைத்துச் சென்ற வாண்டுமாமாவுக்குத் தமிழ்ச் சமுதாயம் கடன்பட்டுள்ளது. அக்கடனைத் தீர்க்கும் வழி எளியது. அருகிலுள்ள நூலகத்துக்குச் சென்று ஒரு கதை நூலை எடுத்துப் படித்தலும், படித்து முடித்தபின் அதை அடுத்த பிள்ளையின் கையில் கொடுத்தலுமே அவ்வழியாகும்.